கரண்ட் வைக்கும் முன் அளவு பார்ப்பது: சிறு கதிர்ச் சிகிச்சை பற்றித் தம்பதியருக்கு



புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை செய்வதை நம் பக்கத்தில் "கரண்ட் வைக்கிறது" என்றே சொல்லி வருகிறோம். "மதுரையில போய் கரண்ட் வச்சுட்டு வந்திருக்காக" என்றால் செட்டியார்பட்டியில் எல்லோருக்கும் விளங்கும். பெயர் நிலைத்துவிட்டது, அதோடு ஒரு பயமும் நிலைத்துவிட்டது. கரண்ட் என்றதும் ஷாக் அடிக்கும், உடம்பு கருகிப்போகும் என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் நோயாளியின் உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எக்ஸ்ரே படம் எடுக்கும்போது நம்மேல் படுகிற கதிரின் இனத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். அதைவிடப் பல மடங்கு வலுவுள்ளது, அவ்வளவே. படும்போது வலி தெரியாது, சூடு தெரியாது, கண்ணுக்கும் தெரியாது.

கண்ணுக்குத் தெரியாதது என்பதால்தான் அளவு முக்கியமாகிறது. தறியில் நெய்த துணி ஒரு விரல் குறைந்தால் கையால் தடவியே கண்டுபிடித்துவிடுவோம். குழம்பில் உப்புக் கூடினால் நாக்கு சொல்லிவிடும். கதிர் கூடினாலோ குறைந்தாலோ அந்த நேரத்தில் நோயாளிக்கும் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. பல வாரம், பல மாதம் கழித்தே தெரியும். ஆகவே அதை முன்கூட்டியே அளந்து பார்த்து உறுதி செய்ய ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது. அந்த ஏற்பாட்டைப் பற்றி, அதிலும் சிறு கதிர்ச் சிகிச்சையில் அது எவ்வளவு கவனமாக நடக்கவேண்டும் என்பதைப் பற்றி, இங்கே சொல்கிறோம்.

குடும்ப நல வெளியீட்டில் இது எதற்கு என்று கேட்கலாம். நோய் ஒருவருக்கு வந்தாலும் சிகிச்சைக்குப் போவதா வேண்டாமா என்பதைப் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்துதான் முடிவு செய்கிறார்கள். பஸ் செலவு, வேலை போவது, பிள்ளைகளை யார் பார்ப்பது, இன்னொரு குழந்தை பெறலாமா என்பதெல்லாம் அந்த முடிவுக்குள் அடங்கியிருக்கின்றன. விஷயம் தெரியாமல் எடுத்த முடிவால் பாதியில் நின்றுபோன சிகிச்சைகள் எத்தனையோ.

சிறு கதிர் என்பது என்ன?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மனைவிக்கு முப்பத்து நாலு வயது. ஒரு காதில் மட்டும் நாளுக்கு நாள் கேட்பது குறைகிறது; நடக்கும்போது தள்ளாட்டம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்ததில் காது நரம்பில் ஒரு சிறு கட்டி என்று தெரிகிறது. அது புற்றுநோய் அல்ல, ஆனாலும் வளர்ந்தால் மூளையை அழுத்தும். "மண்டையைத் திறக்காமல் ஒரே நாளில் கதிர் கொடுத்துச் சரிசெய்யலாம்" என்கிறார் டாக்டர். வீட்டுக்கு வந்தால் பெரியவர் ஒருவர், "மூளையில கரண்ட் வச்சா வெந்து போயிரும்த்தா, வேண்டாம்" என்கிறார். புருஷனுக்கு எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியவில்லை. இப்படிப்பட்ட இடத்தில்தான் விவரம் உதவும்.

கருப்பை வாய்ப் புற்றுக்கோ மார்பகப் புற்றுக்கோ வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் பெரும்பாலும் ஒரு சாண் அகலத்துக்குக் குறையாத இடத்தை நிரப்பும். கட்டியோடு சுற்றியுள்ள நெறிகட்டிகளையும் சேர்த்துக் கவனிக்கவேண்டும் அல்லவா! அதை ஒரு நாளைக்கு 2 கிரே அளவில், வாரம் ஐந்து நாளாக, ஐந்து ஆறு வாரம் கொடுப்பார்கள். கிரே என்பது கதிரின் அளவு. எண்ணெய்க்கு லிட்டர் மாதிரி.

சிறு கதிர்ச் சிகிச்சையில் கதிரின் அகலம் 3 சென்டிமீட்டருக்கும் கீழே. சிலநேரம் ஒரு சுண்டைக்காய் அளவு, அதற்கும் கீழே மிளகளவுகூட உண்டு. மூளைக்குள் இருக்கும் சிறு கட்டி, நுரையீரலில் ஆரம்ப நிலையில் இருக்கும் கட்டி, வேறு இடத்துப் புற்று மூளைக்கோ முதுகெலும்புக்கோ பரவி உண்டான சிறு கட்டிகள் ஆகியவற்றுக்கு இதைச் செய்கிறார்கள். பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் குவிப்பார்கள். வழியில் உள்ள நல்ல திசுக்களுக்குக் கொஞ்சமே படும். எல்லாம் சேரும் இடத்தில்தான் முழு வலு. இந்த யோசனையை 1951ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்ஸல் சொன்னார். பின்பு 1960களின் இறுதியில் கோபால்ட் கதிர் கொண்ட "காமா கத்தி" என்ற கருவியையும் அமைத்தார். கத்தி என்ற பெயரைக் கேட்டு மிரளவேண்டாம். அதில் கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. இன்று பெங்களூர் நிம்ஹான்ஸில் காமா கத்தி இருக்கிறது. வேலூர், சென்னை, மதுரை போன்ற ஊர்களில் லினாக் என்னும் மின்விசைக் கதிர் இயந்திரத்தால் இதே வேலையைச் செய்கிறார்கள்.

மேலே சொன்ன காது நரம்புக் கட்டிக்கு ஒரே நாளில் சுமார் 12 கிரே கொடுப்பார்கள். தினம் 2 கிரே என்றால் ஆறு நாள் அளவை ஒரே நாளில் கொடுப்பதாகும். முப்பது நாள் சிகிச்சையில் ஐந்தாம் நாள் ஒரு பிசகு தெரிந்தால் மீதி நாட்களில் ஈடுகட்ட இடமுண்டு. ஒரு நாள் சிகிச்சையில் அப்படி இடமே கிடையாது. கட்டிக்கு அரை விரல் தள்ளி மூளைத்தண்டு இருக்கிறது. மூச்சும் நடையும் விழுங்குவதும் அதன் பொறுப்பு. இங்கே அளவு தவறக்கூடாது, இடமும் தவறக்கூடாது.

கூரை ஓட்டையும் ஒழுகலும்

சிறு கதிரை அளப்பது பெரிய கதிரை அளப்பது போல இல்லை. ஏன் என்பதற்கு நம் வீட்டுக் கூரையே சாட்சி.

ஓலைக் கூரையில் சிறு ஓட்டை இருந்தால் தரையில் வெயில் வட்டமாக விழும். அதை உற்றுப் பாருங்கள். நடுவில் பளிச்சென்று இருக்கும். ஓரம் மங்கலாகக் கரைந்துபோகும். வாசல் வழியே விழும் பெரிய வெயிலுக்கும் ஓர மங்கல் உண்டுதான். ஆனால் நடுவே முற்றம் மாதிரி ஒரே சீராக அகன்ற வெளிச்சம் இருப்பதால் ஓரம் கணக்கில் வராது. சின்ன வட்டத்தில் சீரான நடுப்பகுதியே இல்லை. இரண்டு பக்கத்து ஓரமும் நடுவில் வந்து முட்டிக்கொள்கின்றன. சிறு கதிரும் அப்படித்தான். இன்னொன்றும் உண்டு. கதிர் உடம்புக்குள் புகுந்ததும் எலக்ட்ரான் என்னும் நுண்துகள்களைக் கிளப்பிவிடும். அவை பக்கவாட்டிலும் சிறிது தூரம் ஓடும். பெரிய கதிரில் இங்கிருந்து ஓடிப்போகிற அளவுக்கு அங்கிருந்து வந்து சேரும், கணக்கு நேராகிவிடும். சிறு கதிரில் போவது உண்டு, வருவது குறைவு.

இனி அளக்கும் கருவியைப் பார்ப்போம். மழைக் காலத்தில் கூரை ஒழுகும் இடத்தில் ஒரு தாம்பாளத்தை வையுங்கள். விழும் நீர் தாம்பாளம் முழுவதும் பரவி மெல்லியதாக நிற்கும். அதே இடத்தில் ஒரு டம்ளரை வைத்தால் அதே நேரத்தில் நீர் நாலு விரல் உயரம் நிற்கும். தாம்பாளத்தில் நின்ற உயரத்தைப் பார்த்து "ஒழுகல் ஒண்ணும் பெரிசா இல்லை" என்று சொன்னால் சரியாகுமா?

கதிரை அளக்கும் கருவிகளில் வழக்கமாகப் பயன்படுவது அயனிக் கலம். சுண்டுவிரல் நுனி போன்ற ஒரு குழாய், அதற்குள் காற்று. கதிர் பட்டதும் அந்தக் காற்றில் மின்னூட்டம் உண்டாகும். அதை எண்ணி அளவு சொல்வார்கள். நெடுங்காலமாக உலகெங்கும் நம்பிக்கையோடு கையாளும் கலத்தின் நீளம் ஏறக்குறைய 2.4 சென்டிமீட்டர். பெரிய கதிருக்கு அது மிக நல்ல கருவி. 1 சென்டிமீட்டர் அகலக் கதிரில் அதை வைத்தால் பாதிக்கு மேல் கதிருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தாம்பாளக் கதைதான்! கதிர் முழு வலுவோடு வந்தாலும் கருவி குறைத்தே காட்டும். குறைத்துக் காட்டிய எண்ணை நம்பிக் கணினி என்ன செய்யும்? "இயந்திரம் கொஞ்சமாகத்தான் கதிர் கொடுக்கிறது, ஆகவே கூடுதல் நேரம் ஓட்டு" என்று சொல்லும். நோயாளிக்கு வேண்டியதற்கு மேல் கதிர் போய்ச் சேரும்.

இரண்டு ஊர்களில் நடந்தது

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. பிரான்சு நாட்டில் துலூஸ் என்ற நகரத்து மருத்துவமனையில் 2006 ஏப்ரல் முதல் 2007 ஏப்ரல் வரை சிறு கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களில் 145 பேருக்கு அளவு மீறிக் கதிர் போயிற்று. காரணம், இயந்திரத்தை முதன்முதல் நிறுவியபோது சிறு கதிருக்குப் பொருந்தாத பெரிய கருவியால் அளந்ததுதான். இயந்திரம் செய்த கம்பெனியார் பல ஊர்களின் அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது இந்த ஊர்க் கணக்கு மட்டும் ஒட்டவில்லை. அப்போதுதான் வெளிப்பட்டது.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் நடந்தது இதைவிட நீண்டது. 2004 முதல் 2009 வரை, அதே வகைத் தவறு. 76 பேருக்குச் சுமார் 50 சதவீதம் கூடுதலாகக் கதிர் போயிருந்தது. மூன்று படி போடவேண்டிய பானையில் நாலரைப் படி போட்டதுபோல. 2009ஆம் ஆண்டு இன்னொரு இயற்பியலாளர் அந்தக் கருவியில் பயிற்சி பெற்றுவந்து பழைய எண்களைப் பார்த்தபோதுதான் தெரியவந்தது. ஐந்து ஆண்டும் இயந்திரம் ஒழுங்காகவே ஓடியது. பழுது இயந்திரத்தில் இல்லை, முதல் நாள் எடுத்த அளவில் இருந்தது. முதல் அளவு கோணினால் அதன்மேல் எழுதிய கணக்கெல்லாம் கோணும். எத்தனை தடவை கூட்டிப் பார்த்தாலும் சரியாகவே தெரியும். இதுதான் இதில் பயங்கரம்.

இதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்துகிறார்களே என்று நினைக்கவேண்டாம். மறைத்து வைத்தால் வதந்தியாக வரும். வதந்தி உண்மையைவிடப் பெரிதாக இருக்கும். தவிரவும், இந்தச் சம்பவங்கள் வெளியே வந்ததால்தான் உலக முழுவதும் முறைகள் இறுகின. பன்னாட்டு அணுசக்தி முகமை 2017இல் சிறு கதிரை அளப்பதற்கென்றே ஒரு தனி நெறிமுறை நூல் வெளியிட்டது. எந்தக் கருவி பொருந்தும், எந்தக் கருவிக்கு எவ்வளவு திருத்தம் போடவேண்டும் என்று அதில் அட்டவணையே இருக்கிறது. இப்போது சிறு கதிருக்குக் குன்றிமணியிலும் சிறிய அயனிக் கலம், சிலிக்கான் டயோடு, வைரத் துண்டு வைத்த கருவி ஆகியவற்றைக் கையாளுகிறார்கள். வைரம் மூக்குத்திக்கு மட்டுமல்ல! கதிர் பட்டால் கருத்துப்போகும் தனி ஃபிலிமும் உண்டு. ஒரு கருவி சொன்னதை இன்னொரு கருவியாலும் சரிபார்த்த பிறகே எண்ணை எழுதுவது நல்ல வழக்கம்.

நீங்கள் போகுமுன் அங்கே நடப்பது

ஒவ்வொரு கதிர்ச் சிகிச்சைக் கூடத்திலும் மருத்துவ இயற்பியலாளர் என்று ஒருவர் இருப்பார். அவர் டாக்டர் அல்ல, நர்சும் அல்ல. கதிரை அளப்பதே அவர் வேலை. நோயாளிகள் அவரைப் பெரும்பாலும் பார்ப்பதுகூட இல்லை. காலையில் நீங்கள் பஸ் ஏறும் நேரத்தில் அவரும் அவர் உதவியாளரும் இயந்திரத்தோடு இருப்பார்கள். பம்பாயில் அணுசக்தித் துறையார் 1962இலேயே இந்தப் படிப்பைத் தொடங்கிவிட்டார்கள். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் இது கற்பிக்கப்படுகிறது. ஊரில் பௌதிகம் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் காதில் போட்டு வையுங்கள்.

காலையில் இயந்திரம் கொடுக்கும் கதிர் நேற்றைய அளவிலேயே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2009இல் வெளியிட்ட நெறிமுறைப்படி நாள்தோறும் பார்க்கும் அளவு 3 சதவீதத்துக்குள், மாதச் சோதனையில் 2 சதவீதத்துக்குள், ஆண்டுச் சோதனையில் 1 சதவீதத்துக்குள் நிற்கவேண்டும். சுவரிலிருந்து வரும் சிவப்பு அல்லது பச்சை லேசர்க் கோடுகள் சிறு கதிர்ச் சிகிச்சைக்கு 1 மில்லிமீட்டருக்கு மேல் விலகக்கூடாது.

அளக்கும்போது அறையில் வெப்பமானியும் காற்றழுத்தமானியும் இருக்கும். அயனிக் கலத்துக்குள் இருப்பது வெறும் காற்றுதானே! வெயிலில் காற்று லேசாகும். மலைமேல் இன்னும் லேசு. வெப்பம் 3 டிகிரி மாறினால் கருவி காட்டும் எண் சுமார் 1 சதவீதம் மாறிவிடும். இராசபாளையத்தில் எடுக்கும் எண்ணும் கொடைக்கானலில் எடுக்கும் எண்ணும் திருத்தம் போடாமல் ஒன்றாகாது.

சிறு கதிருக்கென்று ஒரு தனிச் சோதனை உண்டு. கேட்டாலே பிடித்துப்போகும். கதிர் இயந்திரம் செக்கைப்போலச் சுற்றக்கூடியது. எந்தப் பக்கம் நின்று அடித்தாலும் கதிர் ஒரே புள்ளியில் விழவேண்டும். அந்தப் புள்ளியில் கோலிக்குண்டைவிடச் சிறிய ஓர் உலோக உருண்டையை வைப்பார்கள். இயந்திரத்தை மேலே, கீழே, இடம், வலம் என்று சுற்றி, படுக்கையையும் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் படம் எடுப்பார்கள். படத்தில் வெளிச்ச வட்டத்தின் நட்டநடுவே உருண்டையின் நிழல் விழவேண்டும், நெற்றியில் பொட்டு மாதிரி. 1 மில்லிமீட்டருக்கு மேல் ஒதுங்கினால் சிகிச்சையை நிறுத்திக் காரணம் தேடுவார்கள். 1988இல் அமெரிக்காவில் வின்ஸ்டன், லட்ஸ் என்ற இருவர் இந்த முறையை வெளியிட்டார்கள். இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. இத்தனை விலை உயர்ந்த இயந்திரத்தின் நேர்மையை ஒரு சிறு உருண்டை சொல்லிவிடுகிறது என்பது எங்களுக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

பிறகு உங்களுக்கென்று போட்ட திட்டத்தை, உங்களைப் படுக்கவைக்கும் முன்பே, ஒரு பிளாஸ்டிக் பொம்மையின்மேல் ஓட்டி அளப்பார்கள். பொம்மை தாங்கிய அளவும் கணினி சொன்ன அளவும் ஒத்தால்தான் உங்களைக் கூப்பிடுவார்கள்.

"வரச் சொல்லிட்டு, மெஷின் ரெடியாகலை, நாளைக்கு வாங்கன்னு திருப்பி அனுப்புறாங்க" என்ற குறை அடிக்கடி காதில் விழுகிறது. செட்டியார்பட்டியிலிருந்து மதுரைக்குப் போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போய்விடுகிறது, குறை நியாயமானதே. ஆனால் சோதனையில் அளவு ஒட்டாததால் திருப்பி அனுப்பினார்கள் என்றால் அது உங்களுக்குச் செய்த உபகாரம். போகுமுன் போன் செய்து கேட்டுக்கொண்டால் அலைச்சல் குறையும். ஒரு நாள் தவறினால் அதை ஈடுகட்ட டாக்டர்களுக்கு வழி தெரியும். நாமாக நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. கருப்பை வாய்ப் புற்றுக்கு வெளிக்கதிர், உள்கதிர் இரண்டையும் சேர்த்து 8 வாரத்துக்குள் முடிக்கவேண்டும். அதற்கு மேல் இழுக்க இழுக்க நோய் குணமாகும் வாய்ப்புக் குறைகிறது. திருவிழா வந்தது, அறுவடை வந்தது என்று நடுவில் நிற்கக்கூடாது.

கோபால்ட் இயந்திரமானால்

அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கை புற்றுநோயால் இறந்த துயரத்தை மறவாமல் 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையில்தான் நம் நாட்டின் ஆரம்பகாலக் கோபால்ட் இயந்திரம் வந்தது. லினாக் பரவியபின்பும் பல இடங்களில் கோபால்ட் வேலை செய்கிறது. பம்பாய் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் "பாபாட்ரான்" என்ற பெயரில் சுதேசியாகவே இதைச் செய்திருக்கிறார்கள். கோபால்ட் ஒரு விளக்கில் எண்ணெய் தீர்வதுபோல் தானே குறைந்துகொண்டு வரும். 5.27 ஆண்டில் பாதியாகும். மாதத்துக்கு 1 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆகவே அதே அளவு கொடுக்க ஒவ்வொரு மாதமும் சிகிச்சை நேரத்தைக் கொஞ்சம் கூட்டவேண்டும்.

அமெரிக்காவில் கொலம்பஸ் நகரில் 1974 முதல் 1976 வரை இந்தக் குறைவை நேரில் அளக்காமல், வரைபடத்தில் நேர்கோடாக இழுத்துக் கணக்கிட்டார்கள். உண்மையில் அது நேர்கோடாகக் குறையாது. போகப்போக மெதுவாகத்தான் குறையும். தாளில் எண்ணெய் தீர்ந்துகொண்டே வந்தது, விளக்கிலோ எண்ணெய் இருந்தது! நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனதில் 426 பேருக்கு 10 முதல் 45 சதவீதம் வரை கூடுதல் கதிர் போயிற்று. மாதம் ஒரு முறை கருவியை வைத்து அளந்திருந்தால் முதல் சில மாதங்களிலேயே தெரிந்திருக்கும்.

மேற்பார்வை யாருடையது?

நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இல் அமைக்கப்பட்டது. அதன் அனுமதி இல்லாமல் எந்த மருத்துவமனையும், அரசினதானாலும் தனியாருடையதானாலும், கதிர்ச் சிகிச்சை இயந்திரத்தை ஓட்ட முடியாது. தகுதி பெற்ற இயற்பியலாளரும் கதிர்ப் பாதுகாப்பு அதிகாரியும் இருக்கவேண்டும் என்பது விதி. ஊழியர்கள் மார்பில் மாட்டியிருக்கும் சிறு பட்டையைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று பார்க்க அது குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை சோதனைக்குப் போகும்.

தபாலில் நடக்கும் ஒரு சோதனையும் உண்டு. கதிரை நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு வகைத் தூளைச் சிறு குப்பியில் அடைத்து மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே "இதற்கு 2 கிரே கொடுத்தோம்" என்று எழுதித் திருப்பி அனுப்பவேண்டும். அனுப்பியவர்கள் தூளைச் சூடாக்கிப் பார்ப்பார்கள். எவ்வளவு கதிர் பட்டதோ அதற்குத் தக்கபடி அது ஒளிரும். சொன்னதும் கண்டதும் 5 சதவீதத்துக்குள் ஒத்தால் சரி. பன்னாட்டு அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1969இல் இதைத் தொடங்கின. நம் நாட்டில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இதை நடத்துகிறது. தன் அளவைத் தானே பார்ப்பவருக்குத் தன் பிழை தெரியாது. வெளியாள் ஒருவர் பார்க்கவேண்டும். எடைக்கல்லுக்கு முத்திரை போட அதிகாரி வருவது எதற்காகவோ அதற்காகத்தான் இதுவும்.

நீங்களும் கேட்கலாம். "இங்கே பிசிசிஸ்ட் இருக்காரா? எங்க பிளானை மெஷின்ல ஓட்டிப் பார்த்தாச்சா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. மூளைக்கு ஒரு நாள் சிகிச்சை என்றால், "இதை இங்கே எத்தனை நாளாச் செய்றீங்க?" என்றும் கேளுங்கள். நல்ல இடத்தில் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்கள்.

உங்கள் பங்கு

அளவெல்லாம் சரியாக இருந்தும் நோயாளி அசைந்தால் கதிர் வேறிடத்தில் விழும். ஆகவே மூளைச் சிகிச்சைக்கு வலைபோன்ற ஒரு முகமூடியை வெந்நீரில் இளக்கி உங்கள் முகத்துக்கே அச்செடுத்துச் செய்வார்கள். இறுக்கமாகத்தான் இருக்கும், மூச்சு முட்டாது. முதல் நாள் பயமாக இருந்தால் சொல்லுங்கள்; கொஞ்சம் பழக்கிவிடுவார்கள். முகமூடி தளர்ந்துவிட்டது என்று தோன்றினால், உடம்பு இளைத்தாலும் மருந்தால் முகம் உப்பினாலும், உடனே சொல்லவேண்டும். அச்செடுத்தபின் மொட்டை போட்டாலும் முடி வளர்ந்தாலும்கூடப் பொருத்தம் மாறும். வேண்டுதல் இருந்தால் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

மற்ற சிகிச்சைகளில் உடம்பில் மையால் கோடு போடுவார்கள். மனைவி குளிக்கும்போது அதைத் தேய்த்து அழித்துவிடாமல் பார்த்துக்கொள்வது வீட்டிலுள்ளோர் பொறுப்பு. அழிந்துபோனால் நாமே வரையக்கூடாது. கதிர் படும் தோலில் மஞ்சள், எண்ணெய், தைலம் எதுவும் டாக்டரைக் கேட்காமல் பூசவேண்டாம். ஒவ்வொரு நாளும் படுக்கும் முன் உங்கள் பெயரையும் எந்த இடத்துக்குச் சிகிச்சை என்பதையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரே பெயருள்ளவர்கள் வரிசையில் இருவர் இருப்பது நம் பக்கத்தில் புதிதில்லை.

முன்பு எப்போதாவது, எந்த ஊரிலாவது கதிர் வைத்திருந்தால் அந்தச் சீட்டு அவசியம் வேண்டும். சீட்டைப் பெட்டியில் போட்டு மறந்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகாதீர்கள். ஒரே இடத்தில் இரண்டாம் முறை கொடுக்கும்போது பழைய அளவு தெரியாமல் கணக்குப் போட முடியாது.

தம்பதியர் கேட்பவை

"கர்ப்பமாக இருந்தால்?" நாள் தள்ளிப்போயிருந்தால், இரண்டு நாளானாலும், ஸ்கேன் எடுக்கும் முன்பே சொல்லிவிடவேண்டும். வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல. மூளைக்குக் கொடுக்கும் சிறு கதிரில் வயிற்றுக்கு எட்டுவது மிகச் சிறிய அளவே. ஆனாலும் டாக்டர் தெரிந்துகொண்டு முடிவெடுக்கவேண்டும். இடுப்புப் பகுதிக்குக் கதிர் என்றால் கர்ப்பப் பேச்சுக்கே இடமில்லை. சிகிச்சைக் காலத்திலும் அதன்பின் டாக்டர் சொல்லும் காலம் வரையிலும் நிரோத், காப்பர்-டி போன்ற ஏதாவதொரு முறையைக் கையாளுங்கள். எது பொருந்தும் என்பதைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்கலாம். புருஷனுக்கு இடுப்புப் பகுதியில் சிகிச்சை என்றாலும் இதே எச்சரிக்கைதான்.

"சிகிச்சை முடிந்து வந்தவரிடமிருந்து கதிர் பிள்ளைகளுக்குப் பரவுமா?" பரவாது. வெளியிலிருந்து கொடுக்கும் கதிர், விளக்கை அணைத்ததும் வெளிச்சம் போவதுபோல் இயந்திரத்தை நிறுத்தியதும் போய்விடும். அன்று மாலையே குழந்தையைத் தூக்கலாம், பால் சோறு ஊட்டலாம், ஒரே பாயில் படுக்கலாம். தைராய்டுக்கு அயோடின் மருந்து குடிக்கக் கொடுப்பது வேறு வகை. அதற்குச் சில நாள் விலகியிருக்கச் சொல்வார்கள்.

"உறவு வைத்துக்கொள்ளலாமா?" மூளை, நுரையீரல் சிகிச்சையென்றால் உடம்பு இடம் கொடுக்கிறவரை தடை இல்லை. கருப்பை வாய்ச் சிகிச்சையில் புண் ஆறும்வரை பொறுக்கவேண்டும். அதன்பின் பாதை இறுகாமல் இருக்க டாக்டர் சொல்லும் பயிற்சிகளை மனைவி செய்யவேண்டியிருக்கும். புருஷன் பொறுமையாக இருக்கவேண்டிய காலம் இது. புற்றுநோய் உறவால் ஒட்டாது.

"செலவு?" முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை இடமுண்டு, கதிர்ச் சிகிச்சையும் அதில் அடக்கம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையோடு விருதுநகர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகவேண்டும். அரசு மருத்துவமனையில் மதுரை பாலரங்காபுரத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை மையம் இருக்கிறது. சென்னைக்குத்தான் போகவேண்டும் என்றால் இராசபாளையத்திலிருந்தே பொதிகை எக்ஸ்பிரஸ் உண்டு. புற்றுநோயாளிக்கும் கூடச் செல்லும் ஒருவருக்கும் இரயில் கட்டணச் சலுகை இருக்கிறது. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறு கதிர்ச் சிகிச்சை முடிந்த மறுநாளே கட்டி மறைந்துவிடாது. காது நரம்புக் கட்டி போன்றவை முதல் சில மாதங்களில் சற்று வீங்கிக்கூடக் காட்டும், பிறகுதான் அடங்கும். "கரண்ட் வச்சும் கேக்கலை" என்று மனம் தளர்ந்து வேறு வைத்தியம் தேடி ஓடவேண்டாம். டாக்டர் எழுதித் தந்த தேதியில் ஸ்கேனுக்குப் போங்கள். வாந்தி, தாங்க முடியாத தலைவலி, வலிப்பு, கை கால் விழுதல் இவற்றில் ஏதேனும் கண்டால் தேதிக்குக் காத்திருக்காமல் இராசபாளையம் அரசு மருத்துவமனைக்கு உடனே வாருங்கள், வண்டிக்கு 108. வரும்போது சிகிச்சைச் சீட்டைக் கையோடு எடுத்து வரவும்.